மழைக்குக் கழித்த இரண்டு கிலோ

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் என்னைக் கெடுத்துவிட்டார்கள். கோத்தகிரி பஜாரில் எங்கள் மளிகைக் கடைக்கு யார் வந்தாலும், அப்பா என்னை முன்னால் நிறுத்தி மேட்டுப்பாளையம் பஸ் நேரங்களை ஒப்பிக்கச் சொல்வார். மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அந்த பஸ்களில் பாதி அப்போது ஓடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு அதில் அக்கறையும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, காஸ்ட் அக்கவுண்டன்சி இன்டர் பரீட்சைக்குப் படித்தபோதும் என் கையில் இருந்த ஒரே சரக்கு இதுதான். படித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உருப்போட்டேன். காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இங்கிலீஷில் கத்தியபடி நடப்பேன். கொழுந்து கிள்ளும் பெண்கள் முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து பயம் போய்விட்டது.

"கிளாக்கரய்யா, சாமி இன்னும் எறங்கலயா?"

"எறங்கியிருக்கும். இவுரு கத்துறதக் கேட்டுத் திரும்பி ஏறியிருக்கும்."

அவர்களில் ஒருத்தி, எதிர்பார்த்ததை மீறிய ஆதாயத்துக்குப் பாடத்தில் வருகிற 'அப்நார்மல் கெயின்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் தன்னை முந்துகிறவளை "போடி, அப்நார்மல் கெயினு" என்று வைவதற்கு வைத்துக்கொண்டாள். அந்தப் பாடத்தை நானும் ஏறக்குறைய அவள் அளவுக்குத்தான் புரிந்துவைத்திருந்தேன்.

ஆபீசில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் இடம் ஒன்று காலியாக இருந்தது. இன்டர் பாஸ் செய்கிறவருக்கு அது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எழுதப்போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை எழுதும் பெண். என் வயதுதான். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். தபாலில் பி.காம். முடித்திருந்தார். அவரும் டெம்பரரி, கொழுந்து கிள்ளும் அவருடைய அம்மாவும் டெம்பரரி. நிரந்தர வேலை என்பது ஃபேக்டரியில் அடுப்பு பார்க்கும் அப்பாவுக்கு மட்டும்தான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருந்த வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. பங்குனியோடு அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட். அதற்குள் வீட்டில் இன்னொருவருக்கு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். போவதற்கு வேறு ஊர் கிடையாது. எனக்கு வேலை கிடைக்காவிட்டால் போவது என் அப்பாவின் பஜார் கௌரவம் மட்டும்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் நன்றாயிருக்காது.

மத்தியானம் ஒரு எடைக்கும் அடுத்த எடைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து இருவரும் படிப்போம். நான் பக்கம் பக்கமாகத் தின்றுகொண்டு போவேன். அவர் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்பேன்.

"இந்த நார்மல் லாஸ்னா என்னாங்க?"

கமா, புள்ளி உட்பட ஒப்பித்தேன்.

"அது புத்தகத்துலயே இருக்கு. நான் கேக்குறது, ஏன் அப்பிடின்னு."

ஏன் என்று ஒரு பாடம் இருப்பதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஃபேக்டரி மாடிக்குப் போனார். கொழுந்தைப் பரப்பி வாட விடுகிற இடம் அது. ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார்.

"காலையில நூறு கிலோ ஏத்துனோம். இப்ப நிறுத்தா எழுவது வரும். தண்ணி போயிருச்சு. யாரும் திருடல, யாரும் தப்புப் பண்ணல. அப்ப அத யாரு தலையில கட்டுறது? மிஞ்சி நிக்கிற தூளுதான் அந்த நட்டத்தச் சொமக்கணும். அடுப்புக்காரன் தூங்கிக் கருக விட்டா அது வேற. அதுக்குத் தனியா ஒரு பேரப் போட்டு எழுதி, யாருன்னு கேக்கணும். அவ்வளவுதானே நார்மல் லாசும் அப்நார்மல் லாசும்?"

அவ்வளவுதான். நான் பதினோரு பக்கம் உருப்போட்டிருந்தேன்.

"அடுப்புக்காரர்னா உங்கப்பாதானுங்களே?"

"எங்கப்பா தூங்க மாட்டாரு. தூங்குறதெல்லாம் ஒங்க ஆபீசுலதான்."

அந்த மாடியில் கையில் வாடிய கொழுந்தோடு நின்றபோதுதான் முதன்முறையாக ஒருவரைப் பார்த்துப் பொறாமையும் மரியாதையும் சேர்ந்தாற்போல் வந்தது. ஆனாலும் ஆறுதலுக்கு ஒன்று இருந்தது. அவர் ஒரு பாடம் முடிப்பதற்குள் நான் மூன்றைத் தாண்டியிருந்தேன்.

மார்கழியில் கோயம்புத்தூர் போய்ப் பரீட்சை எழுதினோம். மாசியில் ரிசல்ட் வந்தது. இருவரும் பாஸ். எனக்கு அவரைவிட நான்கு மார்க் கூட. மனப்பாடத்தைப் பழிக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். லயத்தில் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். மழை விட்டபின் வந்த முதல் மாதத்தின் ஸ்டேட்மெண்ட் மேஜைமேல் இருந்தது.

"நூறு கிலோ கொழுந்துக்கு நமக்கு எப்பவும் இருபத்திரண்டு கிலோ தூள் வரும். போன மாசம் இருபத்து நாலு வந்திருக்கு. ஃபேக்டரியப் பாத்துக்கற டீமேக்கர் தன்னோட திறமைங்கறார். எப்படி வந்ததுன்னு சரியாச் சொல்றவங்களுக்கு வேலை."

"அப்நார்மல் கெயின், சார்" என்று நான் முந்திக்கொண்டேன். அதன் விளக்கம், எந்தக் கணக்கில் வரவு, எந்தக் கணக்கில் பற்று, கடைசியில் எங்கே கொண்டுபோய் முடிப்பது, எல்லாவற்றையும் பஸ் நேரம் போலச் சொன்னேன். மேனேஜர் கடைசிவரை கேட்டார்.

"சந்தோஷம். எங்கிருந்து வந்தது?"

புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை.

அந்தப் பெண் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பார்ப்பதைவிட நீண்ட நேரம். பிறகு முகம் மாறியது. விடை தெரிந்துவிட்டவர்களின் முகம் அது இல்லை.

"இது கெயின் இல்லீங்க, சார்."

"பின்னே?"

"மழையில கொழுந்து தண்ணியோட வரும். அதுக்காக ஒவ்வொரு பைக்கும் ரெண்டு கிலோ கழிச்சு எழுதணும்னு ஆபீசு உத்தரவு. மறு உத்தரவு வர்ற வரைக்கும்னு போட்டிருந்துச்சு. மழை நின்னுருச்சு, மறு உத்தரவு வரல. ஒரு பையில இருபத்து நாலு கிலோ காஞ்ச கொழுந்து இருந்தா அத இருபத்திரண்டுன்னே எழுதியிருக்கு. புத்தகத்துல கொழுந்து கொறஞ்சிருச்சு. தூளு கொறையல. அதான் கூடுன மாதிரித் தெரியுது."

"யார் எழுதினது?"

"நாந்தாங்க சார். அந்த உத்தரவு எனக்கு மனப்பாடம். ஏன்னு யோசிக்காமக் கழிச்சுட்டேன். கூலி எடைக்குத்தான். எங்கம்மா பையிலயும் கழிச்சிருக்கேன்."

டீமேக்கரின் திறமை என்று அவர் சொல்லியிருக்கலாம், வெயில் நன்றாக அடித்தது என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் தலையாட்டியிருப்பார், வீடு தங்கியிருக்கும். பேசாமல் இருந்திருந்தாலும் என்னைவிட மோசமாகத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் ஏன் என்று கேட்கிறவர், தான் கேட்கத் தவறிய ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அதை ஒளிக்காமல் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். நானாக இருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன் என்பதால், என் நேர்மையைச் சோதிக்க வாய்ப்பே வந்திருக்காது.

மேனேஜர் எழுந்து நேரே கொட்டகைக்கு நடந்தார். பின்னால் நாங்கள். மத்தியான எடை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையில் கையை விட்டுக் கொழுந்தை அள்ளிக் கசக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் ஈரம் இல்லை. எடைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அடுத்த மழை வரைக்குந்தான் சார். அப்ப மறுபடி இருபத்திரண்டுக்கு எறங்கும். ஏன் எறங்குச்சுன்னு கேப்பீங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. கழித்த கிலோவையெல்லாம் அவரவர் பேருக்குத் திரும்ப ஏற்றும்படி சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். போனவர் என்னைக் கூப்பிட்டு டைப் அடிக்க இரண்டு கடிதங்கள் சொன்னார். முதலாவது, கவனக்குறைவாக எடை எழுதியதற்கு அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கை. இரண்டாவது, அதே பெண்ணை அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டாக நிரந்தரமாக நியமிக்கும் உத்தரவு. எனக்குக் கிடைக்காத வேலையின் உத்தரவை நானே ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். இரண்டையும் கையோடு கொடுத்துவிட்டு வரும்படி மேனேஜர் என்னையே லயத்துக்கு அனுப்பினார்.

வாசலில் அவருடைய அப்பா இருந்தார். பங்குனிக்கு இன்னும் நாள் இருந்தும் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்திருந்தார். மூன்று மூட்டைகள்.

"ரெண்டு காகிதமா, கிளாக்கரய்யா?" என்றார், பதைத்துப்போய்.

பெண் எச்சரிக்கைக் கடிதத்தை முதலில் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்பதுபோல் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகுதான் இரண்டாவதைப் பிரித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைப் பார்த்தார்.

"வீடு இருக்குதுங்க" என்றேன்.

அவர் ஒரு மூட்டையின் முன்னால் குந்தி முடிச்சைப் பிடித்தார். பெண் கத்தியைக் கொண்டுவந்தார்.

"அறுக்காத, நல்ல கயிறு" என்றார் அவர். எங்கே போய்ச் சேர்கிறோமோ அங்கே அவிழ்த்துக்கொள்ளலாம் என்று கட்டிய முடிச்சுகள். பல்லால்கூட இளகவில்லை. எனக்கும் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டார். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்வரை மூன்று பேரும் ஆளுக்கொரு முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.