நிமிர்ந்து சொன்னால் போகிறேன்

போன வாரம் ராமநாதபுரத்தில், ஒரு அரசு அலுவலகத்தில், வேலை முடிந்த பிறகும் ஒரு மனிதர் நகராமல் நின்றார். கையெழுத்து ஆகிவிட்டது. 'போகலாம்' என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் நின்றார். கூடப் போயிருந்த எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் நின்றார்? முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயர் முனியசாமி. அக்காள்மடத்துக்காரர். என் பள்ளித் தோழி காளீஸ்வரியின் கணவர். விசைப்படகு டிரைவர் – இல்லை, டிரைவராக இருந்தவர். பாதி ஆயுசை இன்ஜின் பக்கத்திலேயே கழித்ததில் இரண்டு காதும் போய்விட்டது. ஒருநாள் வலை இழுக்கும்போது, கயிறு சுற்றும் வின்ச்சை நிறுத்தச் சொல்லி ஆட்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கயிற்றில் மாட்டிய ஒருவரின் கை மயிரிழையில் தப்பியது. "இனிமே வேணாம்ணே" என்று படகு ஓனர் அவரைக் கரையில் நிறுத்திவிட்டார். ஓனரைக் குறை சொல்ல முடியுமா?

இப்போது காளீஸ்வரி கருவாடு விற்றுத்தான் வீடு ஓடுகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்தால் உதவித்தொகைக்கு மனுப் போடலாம், காது மெஷின் கேட்கலாம். அதற்காக மருத்துவ முகாமுக்குப் போனார்கள்.

அங்கிருந்த டாக்டர் ரொம்ப நல்லவர். அதுதான் வினையே! முகத்துக்கு நேரே பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டாராம். என்ன பேரு? எந்த ஊரு? எத்தனை பிள்ளைங்க? முனியசாமி அத்தனைக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறார். வெளியே வரும்போது பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரிப்பு வேறு.

"எல்லாத்துக்கும் கரெக்டாச் சொல்லிட்டேன். கார்டு கெடச்சிரும்."

காளீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். 'காது கேட்கிறது, தகுதியில்லை' என்று பதில் வந்தது. காதைச் சோதிக்கிற மெஷின் வைத்துப் பார்க்கவே இல்லை.

காது கேட்காதவர் எப்படிப் பதில் சொன்னார்? கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே யாருக்கு என்ன கேட்கும்? உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சத்துக்குக் கை ஜாடை. காலமெல்லாம் அப்படிப் பழகியவர், டாக்டரிடமும் அப்படியே பேசிவிட்டார்.

அப்புறமென்ன... தெருவில் ஆளுக்கொரு யோசனை. "ஏலே முனியசாமி, அடுத்த தடவ வாயத் தெறக்காத. பேந்தப் பேந்த முழி, போதும்." ஒருவர் முழித்தே காட்டினாராம்!

முனியசாமி மசியவில்லை.

"காது கேக்கலங்கிறது நெசம். அதுக்கு எதுக்கு நடிக்கணும்? மாட்டேன். கார்டு வந்தா வரட்டும், இல்லாட்டிப் போகட்டும்."

"நீங்க நடிக்க வேணாம். ஆனா நான் விடமாட்டேன்" என்ற காளீஸ்வரி நேரே என்னிடம் வந்தாள். "ஏண்டி, வாராவாரம் ஊருக்கெல்லாம் எழுதுறியே... எங்களுக்கு ஒரு மனு எழுத மாட்டியா?"

சுருக்கென்றது. எழுதினேன். மேல்முறையீடு. 'தாழ்மையுடன்' கிடையாது, 'கருணை கூர்ந்து' கிடையாது. மெஷினில் சோதிக்காமல் எப்படி மறுத்தீர்கள் என்று கேட்டிருந்தேன், அவ்வளவுதான். சட்டம் தருவதைக் கேட்கப் போகிறவர் எதற்குக் கூனிக் குறுக வேண்டும்?

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். இந்த அதிகாரி அந்த டாக்டருக்கு நேர் எதிர். ஃபைலை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"பேரு?"

முனியசாமிக்குத் தெரிந்தது அவருடைய வழுக்கை மட்டும்தான். உதடு தெரிந்தால்தானே பதில் வரும்? 

"யோவ், கேக்குறது காதுல விழலையா?"

"அதத்தான சார் மனுவுல எழுதியிருக்கோம்!" என்றாள் காளீஸ்வரி.

ஒரு கிளார்க் சிரித்துவிட்டு, அவசரமாக இருமினார். அதிகாரி – அப்போதும் நிமிராமல் – மெஷின் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். டெஸ்ட்டில் தெரிந்துவிட்டது, இரண்டு காதிலும் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை.

கூத்தைப் பார்த்தீர்களா? அன்பாக முகம் பார்த்தவரிடம் கிடைக்காதது, முகமே பார்க்காதவரிடம் கிடைத்தது! அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா? நான் சொல்லமாட்டேன். எதிரே நிற்கிற மனிதரை ஏறிட்டுப் பார்க்கக்கூட மனமில்லாத நாற்காலிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு மறுபடி போனோம். மறுப்பை ரத்து செய்து, அட்டை வழங்கச் சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார். குனிந்தபடியே ஏதோ முனகினார்.

"என்ன சொல்றாரு?" என்று முனியசாமி மனைவியைக் கேட்டார்.

"போகச் சொல்றாரு."

"மொகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லு. போவோம்."

நின்றார். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. "வாங்கண்ணே, அதான் கெடச்சிருச்சுல்ல" என்று இழுக்கப் போனேன். காளீஸ்வரி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவளும் நின்றாள். வேறு வழி? நானும் நின்றேன். பின்னால் காத்திருந்தவர்களும் முண்டவில்லை.

கடைசியில் அதிகாரி நிமிர்ந்தார். முனியசாமியின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார்.

"ஆர்டர் போட்டாச்சு. போயிட்டு வாங்க."

முனியசாமி கும்பிட்டார்.

"இப்ப நல்லாக் கேட்டுச்சு சார்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது... நல்லவேளை, அதற்குள் சீல் குத்தியாகிவிட்டது!