மொட்டை மாடிக் கம்பிகள்

அரியலூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சிமெண்டுக்குப் பஞ்சம் வராது. என் வீட்டுக்காரர் சோறு தின்பதே சிமெண்ட் ஆலை வேலையில்தான். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுத் தளம் ஒழுகியது. பார்த்தவர்கள் எல்லாம் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒட்டினாற்போல் இருக்கும் என் ஓரகத்தி வீடு ஒழுகாமல் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வீட்டையும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே சமயத்தில், ஒரே கொத்தனாரை வைத்துத்தான் கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர். இரண்டு தளத்துக்கும் மேலே தூண் கம்பிகளை ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்தக் கம்பியிலிருந்தே மாடியை எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை. கம்பி நீட்டிய வீட்டைப் பார்த்தால் இவர்கள் இன்னும் கட்டப் போகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்த மருமகள் நான், முதலில் மாடி எழுப்புவது நானாகத்தான் இருக்கும் என்று.

கொழுந்தன் சிங்கப்பூர் போனார். ஓரகத்தி மாடி எழுப்பிவிட்டாள். அவள் வீட்டுக் கம்பிகள் தூணுக்குள் போய் மறைந்தன. எங்கள் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. கட்டும்போது கண் படக்கூடாது என்று அதில் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டியிருந்தோம். பொம்மை எங்கள் வீட்டில் தொங்கியது, கண் வைத்ததோ பக்கத்து வீட்டின் மேல் நான். அந்தப் பொம்மையை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அவள் மாடியில் என்னை ரொம்பவும் எரிச்சல்படுத்தியது ஒரு கதவு. நடுச்சுவரில், எங்கள் மொட்டை மாடியைப் பார்த்த மாதிரி ஒரு கதவு வைத்திருந்தாள். அதைத் திறந்தால் நேராக எங்கள் தளத்தில்தான் கால் வைக்க வேண்டும். என் தளத்தில் மிளகாய் காயப்போட இவளுக்கு வாசல் கேட்கிறதா என்று அவள் காதில் விழும்படியே வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. பதில் சொல்லாததும் திமிர்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஒழுகல் வடக்கு அறையின் மூலையில்தான் ஆரம்பித்தது. சிமெண்டுப் பால் ஊற்றினோம். தார் ஷீட் ஒட்டினோம். டிவியில் காட்டும் வெள்ளைப் பூச்சை வாங்கி இரண்டு கை அடித்தோம். வெயிலில் தளம் பளிச்சென்று இருந்தது, மழையில் பழையபடி சொட்டியது. கம்பி வழியாகத்தான் இறங்குகிறது, வெட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. காலி பெயிண்ட் டப்பாக்களைக் கம்பிகளின் தலையில் கவிழ்த்து வைத்தேன்.

இதற்கிடையில் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவளுக்கென்று ஒதுக்கியது அந்த வடக்கு அறைதான். வேறு அறை ஏது எங்களுக்கு? மீன்சுருட்டியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தோம். அவர் தளத்தைச் சுற்றிவந்து, கம்பியின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தார். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரும்பு உப்பிக் காங்கிரீட்டை விரிய விட்டிருக்கிறது, தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகிறது என்றார்.

"கம்பிய வெட்டாம வேல ஆவாதுங்க."

"அதுல மட்டும் கை வெக்கக் கூடாது" என்றேன். வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். கொத்தனார் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பி நிற்கும் வரை நாங்கள் மாடி கட்டாதவர்கள் இல்லை, இன்னும் கட்டாதவர்கள். வெட்டிவிட்டால் அவ்வளவுதான். அவள் மாடி வீட்டுக்காரி, நான் கீழ் வீட்டுக்காரி என்று எழுதி ஒட்டின மாதிரி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் வயிற்றின் மேலேயே சொட்டு விழுந்தது. கட்டிலை இழுத்துப் போட்டேன். அங்கேயும் விழுந்தது. மகள் எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டாள்.

"நான் சித்தி வூட்டு மாடியில படுத்துக்கறேம்மா. புள்ள பொறந்து வந்தாலும் அங்கயே இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சமாளித்திருப்பேன். என் மேல் பரிதாபப்பட்டுச் சொன்னாள். ஓரகத்தி குடையோடு வாசலுக்கே வந்து, இடுப்பில் கை கொடுத்து அவளை அழைத்துப் போனாள். மாடி போனால் போகட்டும். என் மகள் பிள்ளை பெற்று அவள் வீட்டில் படுப்பதா? பிள்ளையை முதலில் குளிப்பாட்டுவது அவளா? என் பேரப்பிள்ளை அவள் தாலாட்டுக்குத் தூங்குவதா? அப்போதே கொத்தனாருக்குப் போன் போடச் சொன்னேன்.

மழை விட்டதும் அவர் வந்தார். கட்டிங் மெஷின் அலற, பொறி பறக்க, கம்பிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான் மாடியிலேயே நின்று பார்த்தேன். அழுகை வந்தது, மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அடியில் கொத்தி எடுத்து, கெமிக்கல் கலந்து பூசி, தளம் முழுக்கத் தட்டையான ஓடுகளைப் பதித்து இடுக்குகளை அடைத்தார்கள். எங்கள் மொட்டை மாடி அன்றைக்குத்தான் நிஜமாகவே மொட்டையானது.

வேலையாட்கள் இறங்கிப் போன பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. அந்தக் கதவு திறந்தது. ஓரகத்தி நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டு, கம்பி இருந்த இடங்களைப் பார்த்தாள்.

"வெட்டிட்டீங்களாக்கா?"

ஒழுகினால் வேறு என்ன செய்வதாம் என்றேன்.

"நீங்களும் மேல எழுப்புனா ரெண்டு வூட்டுக்கும் ஒரே மாடியா ஆயிடும்னுதான் இந்தக் கதவ வெக்கச் சொன்னேன். அவரு வருசம் பூரா சிங்கப்பூர்ல கெடக்கறாரு. இவ்ளோ பெரிய மாடியில நான் யாருகூடக்கா பேசறது?"

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அந்தக் கம்பிகளைப் பார்த்து நான் அவளைத் தோற்கடிக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதே கம்பிகளைப் பார்த்து அவள் என்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாடியில்தான் முந்தினாள் என்று பார்த்தால் இதிலும் முந்திவிட்டாள்.

"இனிமே கதவு எதுக்கு, செங்கல் வெச்சு அடைச்சுடவாக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு காலை எங்கள் தளத்தில் வைக்கப் போனாள்.

"அடைக்க வேணாம்" என்றேன் வெடுக்கென்று. "இப்ப மிதிச்சுடாத. மொதல்ல காயட்டும்."