எண்ணெய் தேய்த்த துணி

தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் கிடந்த மரவாங்கு மழையில் நனைந்து வெளிறிப்போயிருந்தது. இளைப்பு நோயுள்ள என் கணவர் பகலில் காற்றுக்காக அதில்தான் உட்காருவார். வார்னிஷ் வாசம் அவருக்கு ஆகாது. அதனால் பதுளைக் கடையொன்றில் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் வாங்கி, ஞாயிறு காலையில் பழைய துணியால் வாங்கில் தேய்த்தேன். துணியைச் சுருட்டி, அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஹாலிஎல கோயில் பூசைக்குப் போனேன்.

பூசை முடிந்ததும், எண்ணெய் காய எத்தனை நாளாகும் என்று கேட்கக் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"மூணு நாளாகும். தேய்ச்ச துணிய என்னக்கா செஞ்சீங்க?"

"சுருட்டிப் போட்டுட்டு வந்தேன்."

"ஐயோ, அது தானாவே சூடாகித் தீப்பிடிச்சிருங்க! தண்ணியில நனைச்சு விரிச்சுப் போடணும்."

கணவர் மருந்து குடித்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னோடு கோயிலில் இருந்தார்கள். ஆட்டோவில் ஏறி, வழியெல்லாம் எங்கள் கூரைப்பக்கம் புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புகை இல்லை. ஆனால் சுருட்டிய துணிக்குள் விரலை விட்டபோது சுட்டது. அப்படியே வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினேன்.

"என்ன, ஓடியாந்த மாதிரி மூச்சு வாங்குது?" என்று கேட்டபடி கணவர் எழுந்து வந்தார்.

"நீங்க வெளிய போய் உக்காருங்க, சொல்றேன்" என்றேன். வாங்கில் எண்ணெய் காயவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.