படலையில் கட்டிய வேப்பிலை

1962, பங்குனி 6: அம்மாவின் தங்கையான சின்னம்மா, நீர்வேலியில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்.
பங்குனி 7: எங்கள் வேலிப் படலையில் வேப்பிலை கட்டப்பட்டது.
பங்குனி 9: பின்வளவில் ஒரு மண்கொட்டிலுக்கு அத்திவாரம் வெட்டப்பட்டது.
பங்குனி 22: எனக்கு அம்மாள் வருத்தம் கண்டது.
சித்திரை 8: காலையில் எனக்கு மூன்றாம் தண்ணீர் வார்க்கப்பட்டது. மாலை நாலரை மணிக்குச் சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, அவரை அழைத்துச் சென்றார்.
வைகாசி 19: சின்னம்மாவின் உடல் அவருடைய வீட்டுக் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. மரண விசாரணையில் ‘தவறி விழுந்தமை’ எனப் பதியப்பட்டது.

இவற்றுள் ஊகமாக எழுதப்பட்டது எதுவும் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்னம்மா அவ்வாறு வந்தது நான்காவது தடவை. முந்திய மூன்று தடவையும் சித்தப்பா பின்னாலேயே வந்தார். பட்டினத்துக் கந்தோரொன்றில் எழுதுவினைஞராக இருந்தவர், அதிர்ந்து கதைக்காதவர். கதிரையில் அமர்ந்து தேநீர் குடிப்பார். ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்து, புருஷன் பெண்சாதிக்குள் இதெல்லாம் இருக்கும் என்று சொல்வார்கள். சின்னம்மா திரும்பிப் போவார். அவர் திரும்பிப் போன வீடு அவருடைய சீதனம். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பவர். காணி உறுதி சின்னம்மாவின் பெயரில் இருந்தது. கிணறும் அவருடையதே. அந்த வீட்டைவிட்டு ஓடிவர வேண்டியிருந்தவரும் அவரே.

இம்முறை ஐயா வழி ஒன்று கண்டிருந்தார். மதியச் சாப்பாட்டின்போது அதை அம்மாவிடம் சொன்னார்.

“அக்கா வீட்டிலை வந்து நிக்கிறவள் கோவிச்சுக்கொண்டு வந்தவள். தனிக் கொட்டிலிலை உலை வைச்சவள் பிரிஞ்சவள். பிரிஞ்சவளை ஒருத்தரும் சமாதானம் கதைச்சு அனுப்ப மாட்டினம்.”

கொட்டில் எழும்ப எத்தனை நாள் செல்லும் என்று அம்மா கேட்டார். ஆள் பிடித்தால் பத்து நாள் என்றார் ஐயா. அம்மா சோற்றுக்கையோடு எழுந்து, கிணற்றடி வேம்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்தில் கொப்பளிப்பான் என்னும் அம்மையை எவரும் நோய் என்பதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். உடலில் எழும் கொப்புளங்கள் அவளுடைய முத்துகள். அவள் வந்த வீட்டின் படலையில் வேப்பிலை கட்டப்படும். அதைக் கண்டால் அயலவர் உள்ளே வரார். பிச்சைக்காரர் குரல் கொடார். ஊர் அதிகாரியான விதானையார்கூட வெளியே ஒழுங்கையில் நின்றே கதைத்துவிட்டுத் திரும்புவார். மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய தண்ணீரை மூன்று முறை தலைக்கு வார்த்து முடியும்வரை, அந்த இலைக்கொத்து எந்தப் பூட்டைவிடவும் வலியது. அம்மா அதைக் கட்டிவிட்டுச் சின்னம்மாவுக்கு முத்துப் போட்டிருக்கிறது என்று வேலிக்கு மேலால் அறிவித்தார்.

ஆனால் அந்த இலை ஆளறிந்து தடுக்கவில்லை. அத்திவாரம் வெட்ட ஐயா கூப்பிட்ட கூலியாள் மறுநாள் ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார். “அம்மாள் நிக்கிற வளவிலை மண்வெட்டி போட எனக்கென்ன ரெண்டு உயிரே இருக்கு அண்ணை? தண்ணி வாத்தாப்பிறகு கூப்பிடுங்கோ” என்றார். சித்தப்பாவை வெளியே நிறுத்திய இலை, கொட்டில் கட்ட வேண்டியவர்களையும் வெளியே நிறுத்தியது. தோட்டவேலை முடித்து வந்து ஐயா தனியே அத்திவாரம் வெட்டி, மண் குழைத்தார். ஒரு நாளைக்கு மூன்று விரற்கடை சுவர் எழும்பியது.

வீட்டில் தாளிதம் நின்றது. எண்ணெயும் சீப்பும் விலக்கப்பட்டன. உரத்துக் கதைப்பதும் நின்றது. பொய்யாக இருந்தாலும் நியமங்களில் அம்மா ஒன்றையும் குறைக்கவில்லை. அது பொய்யென்பது எனக்கும் தெரியாது. சின்னம்மா வெள்ளைச் சேலை மறைத்த அறைக்குள் இருந்தார். அங்கிருந்து இருமலோ அழுகையோ கேட்டதில்லை. ஒருநாள் இளநீரைத் திரைக்குக் கீழால் நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிற்று. அதன் மணிக்கட்டில் முத்து இல்லை. ஊதா நிறத்தில் நான்கு அடையாளங்கள் ஒரே வரிசையில் இருந்தன, அடிப்பக்கத்தில் இன்னொன்று. அம்மாள் சிலரை முத்துப் போடாமல் கையில் பிடித்தே ஆட்கொள்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். அன்று முதல் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கைகூப்பினேன்.

சித்தப்பா நாள்தோறும் கந்தோர் முடிந்து நாலரைக்கு வருவார். சைக்கிளை வேலியில் சாத்தி, செருப்பைக் கழற்றி, வேப்பிலையைக் கும்பிடுவார். “தாயே, என்ரை வீட்டுக்காரியைச் சேதமில்லாமல் திருப்பித் தா” என்று மெல்லிய குரலில் வேண்டுவார். பின் இலைகள் பச்சையாக இருக்கின்றனவா என்று, தொடாமல், ஒவ்வொரு கொத்தாகப் பார்ப்பார். எங்கள் படலை மேற்குப் பார்த்தது. அவருடைய கால்கள் ஒழுங்கையில் நிற்க, நிழல் முற்றத்தைக் கடந்து, சின்னம்மா இருந்த அறையின் சுவரில் தலைவரை ஏறி நிற்கும். அவ்வளவு நேரமும் அறைக்குள் ஓர் அசைவும் இராது. அவர் போனபின்தான் உள்ளே ஒருவர் மூச்சு விடுவது கேட்கும்.

இரண்டு வாரத்தில் சுவர் என் இடுப்பளவுக்கு வந்தது. அதற்குமேல் இலையை வைத்திருக்க நியாயம் இல்லை. அந்த நாளில்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடிய மார்பில் முத்துகள் இருந்தன. ஊரில் வேறெந்த வீட்டிலும் அப்போது அம்மாள் இல்லை. எங்களோடு எவரும் புழங்கவும் இல்லை. ஐயா வாசலில் நின்று, அவளையே போகச் சொல்லுவமோ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் சொன்னது சின்னம்மாவை. அம்மா என் காலடியில் வேப்பிலையைப் பரப்பியபடியே பதில் சொன்னார்.

“அம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன், வந்திட்டாள். அவளும் பொம்பிளைதானே, அவளுக்கு விளங்கும்.”

அப்போதுதான் முந்திய இரண்டு வாரமும் பொய் என்பது எனக்குத் தெரிந்தது. என் உடம்பில் எழுந்தவை அந்தப் பொய்யின் விளைவு என்றும் அதே கணத்தில் தெரிந்துகொண்டேன்.

சித்திரை எட்டில் எனக்கு மூன்றாம் தண்ணீர் வார்த்தார்கள். சுவர் என் தலைக்கு மேல் போயிருந்தது. ஐயா ஓலைக்காகப் பனங்காணிக்குப் போயிருந்தார். இன்னும் நான்கைந்து நாள் போதும். எவராவது கேட்டால் என் தங்கச்சிக்குக் கண்டிருக்கிறது என்று சொல்லும்படி அம்மா எனக்குச் சொல்லித் தந்து, படலையில் புதிய கொத்து ஒன்றையும் கட்டினார்.

நாலரைக்கு நான் படலையருகே நின்றேன்.

“மாறிட்டுதோ தம்பி?” என்றார் சித்தப்பா.

எனக்கு மாறிவிட்டது, இப்போது தங்கச்சிக்கு என்றேன். அவர் கோபிக்கவில்லை. குனிந்து, இலைக்கு மேலால் என் முகத்துத் தழும்புகளை ஆறுதலாகப் பார்த்தார்.

“அம்மாளாணைச் சொல்லு. தங்கச்சிக்கு முத்துப் போட்டிருக்கோ?”

ஒரு பொய்க்கு அவள் என்னிடம் வந்தாள். ஆணையிட்டுச் சொல்லும் பொய்க்கு யாரிடம் வருவாள் என்று நினைத்தேன். தங்கைக்கு நான்கு வயது.

“இல்லை.”

“சின்னம்மாவுக்கு?”

“அவவுக்கும் போடேல்லை. கையிலை அம்மாள் பிடிச்ச அடையாளம் மட்டும் இருந்தது. இப்ப அதுவும் போயிட்டுது.”

அந்த அடையாளம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

முடிச்சை அவரே அவிழ்த்தார். வேப்பிலையைக் கண்ணில் ஒற்றி, வேலியில் பக்குவமாக வைத்தார். அவர் முற்றத்தில் கால் வைத்ததும் அம்மா வாசலுக்கு ஓடிவந்து, தங்கச்சிக்கு அம்மாள் என்று தொடங்கினார்.

“அம்மாளின்ரை பேரிலை பொய் சொல்லக் கூடாது மச்சாள்” என்றார் சித்தப்பா.

அதை அயலவர் வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு மாதமாக எங்கள் படலையைக் கண்டு ஒதுங்கி நடந்தவர்கள் அவர்கள். ஏமாற்றப்பட்டவர்களாக நின்ற அவர்களில் எவரும் எங்களுக்காக வாய் திறக்கவில்லை. சின்னம்மா கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. திரையை விலக்கித் தானாக வெளியே வந்தார். “போயிட்டு வாறன் அக்கா” என்றார். என்னைக் கடக்கும்போது என் நாடியைத் தொட்டு, தழும்புகளைப் பார்த்து, “வடுத் தெரியாமல் மாறிடும்” என்றார். எனக்கு உடம்பு இலேசானதுபோல் இருந்தது. அம்மாளிடம் இனிக் குற்றமில்லை என்று நினைத்து அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா எவரையும் விசாரிக்கவில்லை. அவர் அதை அம்மாளின் செயல் என்றே கொண்டார். வைகாசிக்குப் பின் செவ்வாய்க்கிழமைகளில் பச்சைத்தண்ணீரும் குடியாமல் இருந்தார். “அவளின்ரை பேரைக் களவாய் எடுத்தன். அவள் என்ரை கூடப்பிறந்தவளை எடுத்தாள்” என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். நான் படித்தேன், பல்கலைக்கழகத்தில் அளவையியல் கற்பித்தேன், காரணத்தையும் விளைவையும் பிரித்தறியப் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் செவ்வாய்க்கிழமை அம்மா எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே இருப்பார். நான் சாப்பிடுவேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை சென்ற வாரம் முடிந்தது.

அந்த வீட்டில் அம்மாளுக்குப் பயந்தவன் நான் ஒருவனே என்று ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். என்னைவிட அதிகம் பயந்துகொண்டுதான் அம்மா அந்த முடிச்சை ஒவ்வொரு நாளும் கட்டினார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

செய்யாமல் விடப்பட்டவை:

கொட்டிலுக்கு ஓலை மேய்தல்.

கதவு போட்டு, அதற்கு உட்புறமாக ஒரு தாழ்ப்பாள் வைத்தல்.

சின்னம்மா அங்கே தன் கையால் உலை வைத்தல்.

ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்கு முன்னால் சோற்றை வைத்து, “அம்மாள் இல்லையம்மா, நான்தான் சொன்னனான், சாப்பிடுங்கோ” என்று சொல்லுதல்.