முதலில் நான் அழ வேண்டும்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழவில்லை. கூட இருந்தவர்கள் வேலைக்குச் சோம்பல் என்று நினைத்துக் காலால் தட்டிப் பார்த்தார்கள். உதடு நீலமானதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள்.

எனக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஏலூரில் உர மூட்டை, இடப்பள்ளியில் ஓட்டல் பாத்திரம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்ததில் ஊசி நின்றுபோனது. வால்வு அதை மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் வார்டின் கூரை மழையில் ஒழுகியது. கட்டில்களைப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இடம் இல்லை என்று என்னைக் குழந்தைகள் வார்டில் கடைசிக் கட்டிலில் போட்டார்கள். கட்டில் குட்டை. கால் வெளியே நீண்டது. அதற்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். சுவரில் யானை ஒன்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பல் தேய்த்தது. சாயங்காலம் எல்லாருக்கும் பால் வரும். எனக்கும் வரும், முயல் படம் போட்ட டம்ளரில். நான் குறை சொல்லவில்லை. அதைவிட மோசமான இடங்களில் தூங்கியிருக்கிறேன். அங்கெல்லாம் பால் கிடையாது.

எங்களைப் பார்த்துக்கொண்டது ஒரு பயிற்சி டாக்டர். பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். பெரியவர்கள் வைத்தியம், குழந்தைகள் வைத்தியம் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற மூன்று வருடப் பயிற்சியில் இருந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், அதில் ஒரு பொம்மைக் குரங்கு தொங்கும். ஒரு பையில் ரத்தக்கொதிப்பு பார்க்கிற கருவி, இன்னொரு பையில் கிலுகிலுப்பை. அவசரத்தில் கை மாறிவிடும். பக்கத்து வார்டில் சர்க்கரை நோய்த் தாத்தா ஒருவரிடம் கிலுகிலுப்பையை ஆட்டியதாகவும், அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

என் பக்கத்துக் கட்டிலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. போர்ட் கொச்சியில் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். அவளுக்கு இதயத்தில் பிறவியிலேயே சின்ன ஓட்டை. இப்போது நெஞ்சுச் சளிக்காகச் சேர்த்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வார்டு அதிர அழுவாள். அழுகிற குழந்தையின் நெஞ்சில் குழாய் வைத்தால் அழுகைதான் கேட்கும், இதயம் கேட்காது. டாக்டரம்மா பொம்மையைக் காட்டுவார், பாட்டுப் பாடுவார், கடைசியில் தானே அழுகிற முகத்தோடு போய்விடுவார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஊசியை மறுபடி தொடங்கினார்கள். இடுப்புக்குக் கீழே போடுவது. மருந்து கெட்டியாக இருக்கும், மெல்ல இறங்கும். அதை வாங்கியவனுக்குத்தான் தெரியும். நான் மீசை வைத்த ஆள், முதுகில் சுக்கு மூட்டை சுமக்கிறவன், வாய்விட்டு அழுதேன். "அம்மா, போதும், எடுங்க, எடுங்க" என்றேன். பக்கத்துக் கட்டிலில் சத்தம் நின்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து என் தலையைத் தடவினாள்.

"வலிய வாவே, கரையண்டா. கழிஞ்ஞு, கழிஞ்ஞு." பெரிய பாப்பாவே, அழாதே, முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் டாக்டரம்மா சத்தமில்லாமல் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து அது வார்டின் வழக்கமாகிவிட்டது. காலையில் ரவுண்ட்ஸ் வந்தால் டாக்டரம்மா நேராக என்னிடம் வருவார்.

"அண்ணா, ஆரம்பிக்கலாமா?"

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்தான். நேத்து கொஞ்சம் ஒப்புக்கு அழுதேள். அவளுக்கே சந்தேகம் வந்துடுத்து."

முதலில் நான் அழ வேண்டும். குழந்தை வந்து என்னைத் தேற்ற வேண்டும். அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது அவளைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை உண்டு; அங்கே அதுதான் முறை.

டாக்டரம்மாவுக்குக் கடைசிப் பரீட்சை வந்தது. வெளியூரிலிருந்து வருகிற பெரிய டாக்டர்கள் முன்னால் ஒரு பெரியவரையும் ஒரு குழந்தையையும் முறைப்படி சோதித்துக் காட்டி நோயை விளக்க வேண்டும்; வார்டில் இருக்கிற நோயாளிகளே போதும். ஏற்கெனவே ஒருமுறை குழந்தைப் பகுதியில் தோற்றிருந்தார். அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லையாம். இந்த முறையும் போனால் படித்தது போதும் என்று வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார் அவருடைய அம்மா. "மாமாவோட நெல்லு மில்லுல கணக்கு பாக்கணுமாம் அண்ணா. இத்தனை ராத்திரி கண் முழிச்சுட்டு, நெல்லு" என்றார்.

பெரியவர் நான், குழந்தை அவள் என்று தலைமை நர்ஸ் முடிவு செய்தார். மலையாளி அம்மா, எங்களிடம் பேசும்போது இரண்டு மொழியையும் கலந்துகொள்வார். முந்தின பரீட்சையில் ஒரு நோயாளி, டாக்டர் கேட்பதற்கு முன்பே தன் நோயைப் பேர் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிட்டானாம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் இருந்தது. பரீட்சை அன்று காலையில் உப்புமா முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"எடா, பரீட்சைக்கு வருகிறவர் போகும் வரை வாய் திறக்கருது. ஒரு வாக்கு மிண்டினால் டாக்டர் தோற்றுப் போகும். மனசிலாயோ?"

மனசிலாயிற்று, ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் அப்போதே வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் வைத்தியத்துக்கு உயரமான ஒரு வயசான டாக்டர். குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தலைமை நர்ஸ் அவர்களுக்குச் சாயா வாங்கப் போனார்.

டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்து, "எத்தனை நாளா மூச்சு வாங்கறது அண்ணா?" என்றார்.

நான் பேசவில்லை.

"கால் வீங்கித்தா?"

தலையாட்டினேன். அவர் முகம் மாறியது. உயரமான டாக்டர் குனிந்து, "எந்தா ஜோலி?" என்றார். மூட்டை தூக்குவதுபோலத் தோளைக் காட்டினேன். "பேரு?" என்றார். நான் சிரித்தேன்.

"இவர் பேசுவாரா?"

"காலம்பற நன்னா பேசினார் சார்" என்றார் டாக்டரம்மா. "உப்புமால உப்பே இல்லேன்னு சொன்னார்."

உயரமான டாக்டர் நிமிர்ந்தார். என் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். விரலை அழுத்தச் சொன்னார், அவர் முகம் சுளிக்கும்வரை அழுத்தினேன். "சொல்றது எல்லாம் புரியுது. பேச்சு மட்டும் இல்ல" என்றார் கண்ணாடி அம்மாவிடம். அவர் குரலில் கவலையும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நல்ல கேஸ் கிடைத்தால் டாக்டர்களுக்கு அப்படி ஆகும் என்று பிறகு சொன்னார்கள்.

குழந்தையை வேகமாக முடித்துவிட்டு என்னைக் கவனிக்கலாம் என்று அவர்கள் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார்கள். மூன்று வெள்ளைக் கோட்டுகளை ஒன்றாகப் பார்த்ததும் அவள் தொடங்கினாள். டாக்டரம்மா குரங்கை ஆட்டினார். அழுகை ஏறியது. கண்ணாடி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

வாய் திறந்தால் தோல்வி என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அழுகை பேச்சு இல்லையே. ஒரு வார்த்தைகூட இல்லாமல் அழுதால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அதுவரை அழுததிலேயே நல்ல அழுகை அதுதான்.

"கண்டோ, இப்போ கரச்சிலும்" என்று உயரமான டாக்டர் ஓடி வந்தார். "ஸ்ட்ரோக். வால்வுல கட்டி பிடிச்சு மூளைக்குப் போயாச்சு. டிராலி கொண்டு வா."

டிராலி வந்தது. ஆக்சிஜன் வந்தது. நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். நான் மூட்டை தூக்கியிருக்கிறேன், மூட்டையாக இருந்தது அதுவே முதல் முறை. எறணாகுளத்துக்குக் கொண்டுபோய் மண்டையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. நெல் மில்லை நினைத்துக்கொண்டேன். மண்டையைத்தானே எடுக்கப் போகிறார்கள், எடுத்துவிட்டுப் போகட்டும் என்று அழுகையைத் தொடர்ந்தேன்.

குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. அவள் இறங்கி வந்து டிராலியில் ஏறி என் வயிற்றின்மேல் உட்கார்ந்தாள். "வலிய வாவே, கரையண்டா" என்று தலையைத் தடவினாள். தள்ள வந்தவர்களிடம் டாக்டரம்மா, "ஒரு நிமிஷம்" என்றார். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அவர் மட்டும் கண்ணை மூடி, அவள் நெஞ்சில் குழாயை வைத்து, நிதானமாகக் கேட்டார். முன்னால் கேட்டார், பின்னால் கேட்டார். அவள் என் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தலைமை நர்ஸ் சாயாவும் பழம்பொரியும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். டிராலியில் கட்டியிருந்த என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு?"

"பேச்சு போச்சு சிஸ்டர்" என்றார் உயரமான டாக்டர்.

"போயிட்டில்ல சாரே. ஞான் தான் மிண்டருது என்று சொன்னது. எடா, மிண்டு."

"டாக்டரம்மா தோத்துடுவாங்களா?" என்றேன்.

கண்ணாடி அம்மா ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டார், வாயை மறைப்பதற்காக இருக்கலாம்.

உயரமான டாக்டர் சாயாவைக் குடித்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். நிஜமாகவே பேச்சுப் போயிருந்தால் என்ன காரணம், என்ன செய்வாய் என்று கேட்டார். வால்வு சுருங்கினால் பின்னால் இருக்கிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், அதில் ஒரு துண்டு மூளைக்குப் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. கண்ணாடி அம்மா குழந்தையைப் பற்றிக் கேட்டார். ஓட்டை சின்னது, அதனால்தான் குழாயில் கேட்கிற சத்தம் பெரிசு, பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா.

முடிவு பிறகுதான் வரும் என்பது முறை. ஆனாலும் கண்ணாடி அம்மா போகும்போது டாக்டரம்மாவின் தோளில் தட்டி, "இனி நிம்மதியா உறங்கிக்கோ" என்றார்.

உயரமான டாக்டர் மட்டும் தன் வார்த்தையை விட்டுக் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, வால்வும் கெட்டிருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் கெட்டுப் போகாது என்றார். டாக்டரம்மாவே துணைக்கு ஏறினார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"இல்லேன்னு நான் சொல்லணும், நீங்க சொல்லப்படாது. இப்போ நான் சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு, கேட்டேளா?"

பாலம் ஏறுவதற்குள் அவர் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தபடியே சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனார். வண்டி திரும்பும்போதெல்லாம் தலை தொங்கி ஆடியது. நான் டிராலியிலிருந்து இறங்கி அவரைப் படுக்க வைத்து, என் போர்வையைப் போர்த்திவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன்.

எறணாகுளத்தில் டிரைவர் பின்கதவைத் திறந்தார். படுத்திருந்தவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில் ஆரா பேஷியன்ட்?"

"நான்தான் சேட்டா. அவங்க பாஸாயிட்டாங்க. கதவை மெதுவா சாத்துங்க, நானே நடந்து போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடறேன்."