ஓணச் சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

பாலக்காடு சித்தூரில் உள்ள எங்கள் கூட்டுறவு அடுக்குமாடிக் குடியிருப்பில், வீடு வைத்திருக்கும் பதினாறு குடும்பங்களும் பங்குதாரர்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டும்படி கீழ்வீட்டுச் சரஸ்வதி அக்கா பல மாதங்களாகக் கேட்டும், செயலாளர் பிடிகொடுக்கவில்லை.

சென்ற மாதக் கூட்டத்தில் அக்கா மறுபடி எழுந்ததும், செயலாளர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். “கணக்கைப் பார்த்துத் திருப்தின்னு பாதிப் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டிருக்கறாங்க. இனிப் பேச என்னங்க இருக்குது?”

தாளை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கையெழுத்து என்னுடையது. நான் எந்தக் கணக்கையும் பார்த்ததே இல்லை.

“நீயுமா கண்ணு?” என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கு அடுத்த கையெழுத்தைக் கவனித்தேன். ஓணத்துக்கு மாட்டுப்பட்டி என்ற ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கையுடையது. மொட்டைமாடி விருந்தன்று, எத்தனை இலை போடுவது என்று தெரியவேண்டுமென ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்கள். இருவரும் போட்டுக்கொடுத்தோம்.

எழுந்தேன். “ஏனுங்க, இது சாப்பாட்டுக்குப் போட்டதுங்க. என் தங்கச்சிக்கு இங்க ஊடே இல்லீங்களே, அவ எப்படிங்க கணக்குப் பார்த்திருப்பா?”

இன்னும் நான்கு பேர் எழுந்து அதையே சொன்னார்கள். அன்று மாலையே கணக்குப் புத்தகம் இருந்த அலமாரியின் சாவி அக்காவின் கைக்கு வந்தது.

தங்கை அன்று வராமல் இருந்திருந்தால், அக்காவுக்கு எதிராக நானே சாட்சியாகியிருப்பேன். இப்போது யார் தாளை நீட்டினாலும், எதற்கென்று மேலே நானே எழுதி, மிச்ச இடத்தில் கோடு கிழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். மகளின் பள்ளியில் ஆசிரியை சிரித்தார். சிரிக்கட்டும்.