பருத்திக்கு விழாத மழை

எங்கள் உரக் கம்பெனியில் தங்கவேலுக்கு ஒரே வேலைதான். மழையைத் தடுப்பது. கேட்டால் சிரிப்பு வரும். நானும் சிரித்தவன்தான்.

அடையாற்றில் கம்பெனிக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கே நாற்பது தொட்டிகளில் பருத்தி வளர்த்தோம். பாதிச் செடிகளுக்குப் பொட்டாஷ் உரம், பாதிக்கு இல்லை. தண்ணீர் எல்லாவற்றுக்கும் அளந்து ஒரே அளவு, அதுவும் தொண்டை நனையத்தான். வானம் பார்த்த பூமியில் அந்த உரம் பருத்தியைக் காப்பாற்றுமா என்று கம்பெனி துரைக்குத் தெரிய வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு தகரக் கூரை போட்டிருந்தார்கள். வெயில் என்றால் தங்கவேல் அதைத் தள்ளி விடுவான். மேகம் கறுத்தால் இழுத்து மூடுவான். சாயங்காலம் பதிவேட்டில், செடிகள் மேல் விழுந்த மழை என்ற இடத்தில் ஒரு சைபர் போடுவான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சண்டை வந்தபின் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வருவது நின்றுபோனது. கடைசி மூட்டையும் அந்தத் தொட்டிகளுக்குள் போயிருந்தது. "ஒரு சொட்டு விழுந்தாலும் உன் வேலை போச்சு" என்று அவனிடம் சொன்னது நான்தான். சாந்தோம் இக்னேஷியஸ், கம்பெனி குமாஸ்தா.

நாற்பத்து மூன்று அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் தங்கவேல் என்னிடம் வந்தான்.

"சார், பாஞ்சாலிக்கு ஜுரம் தூக்கிப் போடுது. குடிசை ஆத்தோரமா கீது. ஒரு நடை போய் அவள மேட்டுல வுட்டுட்டு வந்துர்றேன் சார்."

பாஞ்சாலி அவன் மனைவி. காற்று சாரலைப் பக்கவாட்டில் அடித்தது. கூரை போதாமல் ஒருவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. "மழை விடட்டும், போகலாம்" என்றேன். அந்தத் தார்ப்பாயை நான் பிடித்திருக்கலாம். சட்டை நனையுமே என்று பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மத்தியானம் பக்கத்துக் குடிசை ரத்னா தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, ஆறு உள்ள பூந்துட்ச்சு. உன் குடிசை போச்சு. பாஞ்சாலிய காணோம்ணே."

தங்கவேல் அசையவில்லை. நான் போய்த் தார்ப்பாயை வாங்கிக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தான். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அப்படியே ரத்னாவின் பின்னால் நடந்தான்.

மறுநாள் பாலத்தடியில் பாஞ்சாலி கிடைத்தாள். அன்றே சுடுகாட்டுக்கு எடுத்தார்கள்.

அதற்கடுத்த நாள் அவன் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தான். அழவில்லை. பொட்டாஷ் போட்ட செடிகள் வாட்டமில்லாமல் நின்றன, மற்றவை இலையோரம் கருகியிருந்தன. துரைக்கு வாயெல்லாம் பல். தங்கவேல் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டு மண்ணைப் பார்த்தான். பிறகு பதிவேட்டைக் கேட்டான்.

பாஞ்சாலி போன நாளுக்கான இடம் காலியாக இருந்தது.

"நான் எழுதிக்கிறேன், நீ போப்பா" என்றேன்.

அவன் பென்சிலை வாங்கி, நிதானமாக ஒரு சைபர் போட்டான்.

"ஒரு சொட்டு வுழல சார்" என்றான்.